ஸ்கொயர் லெக்கில் ஒரு ஆள்

(திருவனந்தபுரம் ஸ்ரீவராகத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இந்தக் குளத்தைச் சுற்றியுள்ள தெருக்களில் ரப்பர் பந்து அடித்து வளர்ந்தவர்கள் இங்கே பத்துப் பேராவது இருப்பீர்கள். நம்முடைய சட்டங்கள் உங்களுக்கு நினைவிருக்கும். மதிலில் நேராகப் பட்டால் நாலு ரன். தரையில் ஒருமுறை குத்தி எழும்பிய பந்தை ஒற்றைக் கையால் பிடித்தால் அவுட். குளத்தில் விழுந்தால் அவுட்டோடு போகாது, அடித்தவனே படியிறங்கி எடுத்து வர வேண்டும். யாரும் எழுதி வைக்காத இந்தச் சட்டங்களை நாங்கள் பக்தியோடு காப்பாற்றினோம். ஆனாலும் தினமும் சண்டை வந்தது. சட்டம் என்ன என்பதில் சண்டை வராது. பந்து குத்தியதா, குத்தவில்லையா என்பதில்தான் வரும்.

அப்போது நாங்கள் எல்லோரும் ஒரே திசையில் திரும்புவோம். வாசல் திண்ணையில் பேப்பர் படித்துக்கொண்டு ஒரு மாமா உட்கார்ந்திருப்பார். "மாமா, அவுட்டா இல்லையா, நீங்களே சொல்லுங்கோ." அவர் பெரும்பாலும் அந்தப் பந்தைப் பார்த்திருக்க மாட்டார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு இரண்டு பக்கத்து முகங்களையும் ஒருதரம் பார்ப்பார். பிறகு ஒரு வார்த்தை சொல்வார். நாங்கள் முணுமுணுத்துக்கொண்டே ஆட்டத்துக்குத் திரும்புவோம். அவர் சொன்னது சரி என்று நம்பியதால் அல்ல. அவருக்கு இரண்டு அணியிலும் மகன் கிடையாது, மருமகன் கிடையாது. அந்த ஒன்று எங்களுக்குப் போதுமாக இருந்தது.

என்னிடம் இன்று கேட்டிருக்கும் கேள்வி இது. காசு என்று சொல்லும்படி எதுவும் கிடைக்காது. நாள் முழுக்க வெயிலில் நிற்க வேண்டும், சாயங்காலம் இரண்டு பக்கத்தாரும் ஏதாவது சொல்வார்கள். இது தெரிந்தும் ஒருவர் ஏன் அம்பயராகிறார், ரெஃப்ரியாகிறார்? ஆனபிறகு ஏன் விடமாட்டேன் என்கிறார்? முப்பது வருஷத்துக்கு மேல் உள்ளூர் லீக் ஆட்டங்களில் நின்றவன் என்ற ஒரே தகுதியில் இதைப் பற்றிப் பேசுகிறேன்.

அம்பயர் என்ற சொல்லிலிருந்தே தொடங்கலாம். பழைய பிரெஞ்சில் 'நோன்பேர்' என்று ஒரு வார்த்தை இருந்தது. இணையில்லாதவர், இரண்டு பேருக்கும் ஜோடி சேராத மூன்றாமவர் என்று பொருள். அது ஆங்கிலத்துக்குப் போனபோது 'நௌம்பயர்' என்றானது. நாளடைவில் முன்னால் இருந்த நகர ஒலி தேய்ந்து 'அம்பயர்' மிஞ்சியது. தமிழில் நாம் நடுவர் என்கிறோம். வள்ளுவர் நடுவுநிலைமைக்குத் தனி அதிகாரமே வைத்தார். ஆனால் மைதானத்தில் பெரும்பாலான நடுவர்கள் நடுவில் நிற்பதில்லை. கிரிக்கெட்டில் ஒருவர் ஸ்டம்புக்குப் பின்னால், இன்னொருவர் ஓரத்தில். கால்பந்தில் கொடி பிடிப்பவர் கோட்டுக்கு வெளியே. நடுவர் என்ற தமிழ்ச் சொல் அவருடைய மனம் இருக்க வேண்டிய இடத்தைச் சொல்கிறது. இணையில்லாதவர் என்ற பிரெஞ்சுச் சொல் அவருடைய நிலைமையைச் சொல்கிறது. மதிய இடைவேளையில் இரண்டு அணிகளும் இரண்டு மரத்தடியில் வட்டமாக உட்கார்ந்து சாப்பிடும்போது, அம்பயர் இருவரும் மூன்றாவது மரத்தைத் தேடிப் போவதைப் பார்த்தவர்களுக்கு அந்தப் பிரெஞ்சுச் சொல் உடனே புரியும்.

நான் எப்படி உள்ளே வந்தேன் என்று சொல்கிறேன். என் கதை தனிக்கதை அல்ல, நூற்றுக்கணக்கானவர்களின் கதை. 1983, கபில்தேவ் லார்ட்ஸில் கோப்பை வாங்கிய வருஷம். எங்கள் அலுவலக அணியில் ஒன்பதாவதாக இறங்கும் மட்டைக்காரன் நான். இந்த மாதிரி ஆட்டங்களுக்கு அம்பயர் ஒருவர்தான் வருவார். ஸ்கொயர் லெக்கில் நிற்க, மட்டை பிடிக்கும் அணியே ஒரு ஆளைத் தர வேண்டும். மேலே ஆடுகிறவர்கள் பேட் கட்டிக்கொண்டு இருப்பார்கள், அவுட்டாகி வந்தவர்கள் வருத்தத்தில் இருப்பார்கள். ஆக, ஒன்பதாவது ஆள்தான் போக வேண்டும். "நீ போய் நில்லு" என்றார் கேப்டன். போய் நின்றேன். அரைமணி நேரத்தில் ஒரு ரன் அவுட். ஓடிவந்தவர் எங்கள் அணியின் சிறந்த மட்டைக்காரர், அலுவலகத்தில் எனக்கு மேலதிகாரி. எதிரணி மொத்தமும் என் பக்கம் திரும்பிக் கேட்டது. மட்டை கோட்டுக்கு ஒரு விரல்கடை வெளியே இருந்ததை நான் பார்த்தேன். கையைத் தூக்கினேன்.

அன்று மாலை வரை அவர் என்னோடு பேசவில்லை. மறுநாள் அலுவலகத்தில் ஃபைலைக் கொடுத்துவிட்டு, "வெளியேதான் இருந்தேன்" என்றார். அவ்வளவுதான். அந்த இரண்டு சொல்லைக் கேட்ட சுகம் நான் அடித்த எந்த பவுண்டரியிலும் கிடைக்கவில்லை. அடுத்த வருஷம் அம்பயர் பரீட்சைக்கு விண்ணப்பம் போட்டேன்.

இந்த வேலைக்கு யாரும் ஆசைப்பட்டு வருவதில்லை என்பது என் எண்ணம். யாரோ கேட்கிறார்கள், அதனால் வருகிறார்கள். கிரிக்கெட்டின் சட்டப் புத்தகமே இந்தக் கேட்டலின் மேல்தான் நிற்கிறது. 31-ஆவது சட்டம் அப்பீல் பற்றியது. களத்தில் இருப்பவர்கள் கேட்காத வரை, மட்டைக்காரர் எவ்வளவு தெளிவாக அவுட்டாகியிருந்தாலும் அம்பயர் தானாக விரலைத் தூக்கக் கூடாது. எல்.பி.டபிள்யூ. பட்டப்பகல் போலத் தெரியும். யாரும் கேட்காமல் திரும்பி நடந்துவிட்டால், நான் வாயை மூடிக்கொண்டு அடுத்த பந்துக்குக் காத்திருக்க வேண்டியவன். அதிகாரத்தின் ருசிக்காகத்தான் இவர்கள் வருகிறார்கள் என்று சொல்பவர்களுக்கு இந்தச் சட்டத்தை எடுத்துக் காட்டுவேன். கேட்டால் மட்டும் பதில் சொல்லும் அதிகாரத்தை வைத்துக்கொண்டு எத்தனை நாள் மகிழ்ந்திருக்க முடியும்?

கால்பந்தும் ஒரு காலத்தில் அப்படித்தான் இருந்தது. ஒவ்வோர் அணியும் தனக்கென்று ஒரு அம்பயரைக் கொண்டுவரும். இருவருக்கும் ஒத்துப்போகாதபோது மூன்றாவதாக ஒருவரிடம் வழக்கை அனுப்புவார்கள். அப்படி வழக்கு அனுப்பப்படுகிறவர் என்பதால்தான் ரெஃப்ரி என்று பெயர். அவர் மைதானத்துக்கு வெளியே நின்றார். 1891-ல்தான் அவரை உள்ளே கொண்டுவந்து விசிலோடு ஓடவிட்டார்கள். அம்பயர்கள் இருவரும் கோட்டோரக் கொடிக்காரர்கள் ஆனார்கள். கேட்காமலே ஊதலாம் என்ற உரிமை அதற்குச் சற்றுப் பிறகு வந்தது. கூடவே, கேட்காமலே ஊதினாய் என்ற வசையும் வந்தது. மஞ்சள் அட்டையும் சிவப்பு அட்டையும் 1970 மெக்சிகோ உலகக் கோப்பையில்தான் முதலில் வந்தன. அதை யோசித்தவர் கென் ஆஸ்டன் என்ற ஆங்கிலேய ரெஃப்ரி. போக்குவரத்து விளக்கைப் பார்த்து அந்த எண்ணம் தோன்றியதாகச் சொன்னார். தொழிலால் அவர் பள்ளிக்கூட ஆசிரியர். எனக்கு அதில் ஆச்சரியமே இல்லை. நம் ஊரிலும் ரெஃப்ரிகளில் பாதிப்பேர் வாத்தியார்கள்தானே.

இந்தியாவில் பெரிய பெயரெடுத்த அம்பயர்களும் நெடுங்காலம் இப்படித்தான், வேறு எங்கோ சம்பளம் வாங்கிக்கொண்டு, லீவு போட்டு நின்றவர்கள். 1986-ல் லாகூரில் பாகிஸ்தானும் மேற்கிந்தியத் தீவுகளும் ஆடிய டெஸ்டில், நடுநிலை நாட்டு அம்பயர்கள் வேண்டும் என்று இரண்டு இந்தியர்களை அழைத்தார்கள். வி.கே. ராமசாமி, பிலூ ரிப்போர்ட்டர். பிலூ ரிப்போர்ட்டர் மகாராஷ்டிர மின்வாரியத்தில் வேலை பார்த்தவர். பாகிஸ்தான் மண்ணில், பாகிஸ்தான் ஆட்டத்துக்கு, இந்தியர் இருவரை நம்பிக் கூப்பிட்டார்கள். திண்ணையில் உட்கார்ந்த மாமாவிடம் நாங்கள் தேடியதைத்தான் லாகூரில் தேடினார்கள். இணையில்லாதவர் வேண்டும்.

ஆட்டக்காரராக இருந்து வந்தவர்கள் உண்டு. சென்னையின் எஸ். வெங்கட்ராகவன் ஆடியது 57 டெஸ்ட். அம்பயராக நின்றது 73. நின்ற நாட்கள்தான் அதிகம். 2002-ல் ஐ.சி.சி.யின் எலைட் அம்பயர் குழு வந்தபோது அதில் இடம்பெற்றார். சொந்த நாடு ஆடும் டெஸ்டில் நிற்கக் கூடாது என்பது அன்றைய ஏற்பாடு. இந்தியாவுக்குக் கேப்டனாக இருந்த மனிதர், இந்தியா ஆடும் டெஸ்ட் மைதானத்தில் நிற்க முடியாதவரானார். அதையும் ஏற்றுக்கொண்டுதான் நின்றார்.

நம் திருவனந்தபுரத்துக்காரர் கே.என். அனந்தபத்மநாபனை உங்களுக்கு நான் அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. லெக் ஸ்பின் போட்டு முதல்தர ஆட்டங்களில் 344 விக்கெட் எடுத்தவர். அத்தனை விக்கெட் எடுத்தும் இந்தியத் தொப்பி கிடைக்கவில்லை. அவர் காலத்தில் அந்த இடத்தில் அனில் கும்ப்ளே இருந்தார்; அதற்கு யாரையும் நோக முடியாது. ஆட்டம் முடிந்தபின் அவர் அம்பயராக நின்றார், 2020-ல் ஐ.சி.சி.யின் சர்வதேசக் குழுவுக்குப் போனார், 2021 மார்ச்சில் இந்தியா ஆடிய டி20 ஆட்டத்தில் நின்றார். தொப்பி கிடைக்காத ஏக்கத்தைத் தீர்த்துக்கொள்ள அப்படிப் போனார் என்று சிலர் எழுதுவார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. இருபத்திரண்டு கெஜத்தின் ஒரு முனையில் நின்று பழகிய மனிதருக்கு அதே முனையில் இன்னொரு வேலை இருந்தது, அதை எடுத்துக்கொண்டார். களத்தை விட்டு வர முடியாதவர்கள் செய்வது இதுதான்.

அழைப்புக்காகக் காத்திராமல் தாங்களே கதவைத் தட்டியவர்களும் இருக்கிறார்கள். சென்னையின் என். ஜனனி மென்பொருள் வேலையில் இருந்தவர். பெண்களையும் அம்பயர் பரீட்சை எழுத விடுங்கள் என்று திரும்பத் திரும்பக் கேட்டார். கதவு திறந்ததும் எழுதினார், தேறினார், வேலையை விட்டார். 2023 ஜனவரியில் ரஞ்சி ஆட்டங்களில் முதன்முதலாகப் பெண்கள் நின்றார்கள்: ஜனனி, விருந்தா ராத்தி, காயத்ரி வேணுகோபாலன். விருந்தா மும்பை மைதானங்களில் ஸ்கோர் எழுதிக்கொண்டிருந்தவர். திண்டுக்கல்லின் ரூபாதேவி கால்பந்து ஆடியவர். 2016-ல் ஃபிஃபாவின் ரெஃப்ரி பட்டியலில் சேர்ந்தார். சென்னையின் கோமளீஸ்வரன் சங்கர் 2002 கொரியா - ஜப்பான் உலகக் கோப்பையில் கொடி பிடித்து நின்றார். இந்திய அணி போக முடியாத உலகக் கோப்பைக்கு ஒரு கொடி வழியாக நாம் போயிருக்கிறோம். இதைப் பள்ளிக்கூடங்களில் ஏன் சொல்லித் தருவதில்லை என்று எனக்கு எப்போதும் ஆதங்கம் உண்டு.

இனி வேலையைப் பற்றி. வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு அம்பயர் சும்மா நிற்பதாகத் தெரியும். உள்ளே நடப்பதைச் சொல்கிறேன். பந்துவீசுபவர் என் தோளை உரசிக்கொண்டு ஓடுகிறார். முன்கால் எங்கே ஊன்றுகிறது, குதிகாலில் ஏதாவது ஒரு துளி கோட்டுக்குப் பின்னால் இருக்கிறதா என்று குனிந்த கண்ணால் பார்க்கிறேன். பார்த்த கணமே கண்ணை நிமிர்த்தி எதிர் முனைக்குக் கொண்டுபோக வேண்டும். கோட்டுக்கும் கோட்டுக்கும் இடையில் 17 மீட்டருக்குச் சற்று மேல். மணிக்கு 120 கிலோமீட்டர் வேகத்தில் வரும் பந்துக்கு அது அரை விநாடித் தூரம். அந்த அரை விநாடிக்குள் பந்து எங்கே குத்தியது, லெக் ஸ்டம்புக்கு வெளியேயா, முதலில் பட்டது மட்டையா காலா, பட்ட இடம் ஸ்டம்புகளுக்கு நேரா, படாமல் போயிருந்தால் ஸ்டம்பில் விழுந்திருக்குமா, உயரம் என்ன, இத்தனையும் உள்ளே பதிய வேண்டும். பிறகு அவர்கள் கத்துகிறார்கள். அந்தச் சத்தத்துக்குள் நான் அந்தப் படத்தை மறுபடி ஓட்டிப் பார்க்கிறேன். இதற்கிடையில் ஒரு கூழாங்கல்லை இடக்கையிலிருந்து வலக்கைக்கு மாற்ற வேண்டும், ஓவரில் எத்தனையாவது பந்து என்ற கணக்குக்கு. ஒரு நாளைக்கு 90 ஓவர் என்றால் இது 540 தடவை. இரண்டு பேர் பகிர்ந்துகொண்டாலும் ஆளுக்கு 270.

பரீட்சை எளிது என்றும் நினைக்க வேண்டாம். 2022-ல் மகளிர், இளையோர் ஆட்டங்களுக்கான அம்பயர்களைத் தேர்ந்தெடுக்கக் கிரிக்கெட் வாரியம் அகமதாபாத்தில் வைத்த பரீட்சையை 140 பேர் எழுதினார்கள். தேறியவர்கள் 3 பேர். அதில் வந்ததாகப் பத்திரிகைகள் எழுதிய கேள்வி ஒன்றை உங்களிடமே கேட்கிறேன். பெவிலியனின் நிழலோ மரத்தின் நிழலோ பீல்டரின் நிழலோ பிட்ச்சில் விழுகிறது, மட்டைக்காரர் புகார் செய்கிறார். நீங்கள் என்ன செய்வீர்கள்? யோசியுங்கள். கட்டடத்தின் நிழலையும் மரத்தின் நிழலையும் கண்டுகொள்ளக் கூடாது. பீல்டரின் நிழல் விழலாம், ஆனால் அவர் அசையாமல் நிற்க வேண்டும். அசைந்தால் அந்தப் பந்து செல்லாது, டெட் பால். ஒரு நிழலுக்குள் இத்தனை நியாயம் இருக்கிறது. இதைப் படித்தபோது எனக்கு உண்டான மகிழ்ச்சியை வார்த்தையில் சொல்ல முடியாது. இந்த மகிழ்ச்சியும் ஆட்களை இங்கே கட்டிப்போடுகிறது. சட்டத்தை நேசிப்பவர்கள் உலகத்தில் இருக்கிறார்கள், சங்கீதத்தை நேசிப்பவர்களைப் போல.

2025 பிப்ரவரி 21-ஐ மறந்திருக்க மாட்டீர்கள். ரஞ்சி அரையிறுதி. கேரளம் 457. குஜராத் 455-ல் கடைசி விக்கெட்டோடு நிற்கிறது. நாக்வஸ்வாலா ஓங்கி அடிக்கிறார். ஷார்ட் லெக்கில் குனிந்து நிற்கும் சல்மான் நிசாரின் ஹெல்மெட்டில் பந்து மோதி எகிறி ஸ்லிப்பில் சச்சின் பேபியின் கைக்கு வருகிறது. 2 ரன் முன்னிலை, முதல் தடவையாகக் கேரளம் ரஞ்சி இறுதி ஆட்டத்தில். அன்று இந்த ஊரே துள்ளியது, நானும்தான். ஆனால் துள்ளுவதற்கு முன் என் மனம் வேறு ஒன்றைத் தேடிற்று. பீல்டரின் ஹெல்மெட்டில் பட்டு வந்த கேட்ச் செல்லும் என்று சட்டம் மாறியது 2017 அக்டோபரில். அதற்கு முந்தைய சட்டத்தில் அது நாட் அவுட். எட்டு வருஷம் முன்னால் இதே பந்து விழுந்திருந்தால் கேரளம் இறுதி ஆட்டத்தைப் பார்த்திருக்காமலே போயிருக்கலாம். நாலு நாள் ஆடிக் களைத்த பதினோரு பேரின் உழைப்பு, அச்சடித்த ஒரு வரியின் மேல் போய் உட்கார்ந்தது. அந்த வரியைத் தூக்கத்திலும் தெரிந்து வைத்திருக்க யாராவது ஒருவர் அங்கே நிற்க வேண்டும்.

இதுவரை சொன்னது உள்ளே வருவதைப் பற்றி. என்னோடு பரீட்சை எழுதித் தேறியவர்களில் பாதிப்பேர் இரண்டாவது சீசனில் இல்லை. மிச்சமுள்ளவர்கள் ஏன் நின்றோம்? இதற்கு நான் ஒரு பழைய கடனைச் சொல்லியாக வேண்டும்.

1991. பத்தொன்பது வயதுக்கு உட்பட்டவர்களுக்கான தேர்வு ஆட்டம். கடற்கரைப் பக்கத்திலிருந்து வந்த பையன், தொடக்க ஆட்டக்காரன். நாற்பது ரன் தாண்டி அழகாக ஆடிக்கொண்டிருந்தான். லெக் பக்கம் போன பந்து ஒன்று, ஒரு சத்தம், கீப்பரின் கையில் பந்து. எல்லோரும் கேட்டார்கள். நான் விரலைத் தூக்கினேன். பையன் என்னை ஒரு கணம் பார்த்தான். கோபமில்லை. ஏதோ கேட்க வந்து கேட்காமல் போகிறவன் பார்ப்பது போல ஒரு பார்வை. மட்டையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நடந்துவிட்டான். ஆட்டம் முடிந்து குழாயடியில் கை கழுவும்போது எதிரணிக் கீப்பர் என் பக்கத்தில் வந்து நின்றான். மெதுவாகச் சொன்னான்: "சாரே, அது பேடோட பக்கிள்ல பட்ட சத்தமாக்கும்." அவனும் சேர்ந்துதான் கத்தியிருந்தான்.

நான் அந்தப் பையனைத் தேடிப் போனேன். பையை முதுகில் மாட்டி பஸ்ஸுக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தான். தப்பு நடந்துவிட்டது என்று சொன்னேன். "ஸாரமில்ல சாரே" என்றான். பரவாயில்லை என்று அர்த்தம். அந்த வருஷத் தேர்வுப் பட்டியலில் அவன் பெயர் இல்லை. என் விரலால்தான் இல்லையா, அறுபது எடுத்திருந்தாலும் இருந்திருக்காதா, எனக்குத் தெரியாது. தெரியாது என்பதுதான் தூங்கவிடவில்லை.

ராஜினாமாக் கடிதம் எழுதி எடுத்துக்கொண்டு, எனக்கு மூத்த அம்பயர் ஒருவரின் வீட்டுக்குப் போனேன். பள்ளிக்கூட வாத்தியார், இப்போது இல்லை. கடிதத்தைப் படிக்கவே இல்லை. "பந்து மட்டையைத் தாண்டுறப்ப உன் தலை எங்க இருந்துச்சு?" என்று கேட்டார். நான் யோசித்தேன். கால் கோட்டைப் பார்த்துவிட்டு நிமிரும்போது என் தலை இன்னும் அசைந்துகொண்டிருந்தது. அசைகிற தலைக்குச் சத்தம் மட்டும்தான் கிடைக்கும், பார்வை கிடைக்காது. "அதான்," என்றார். "தலையைத் தூக்காதே. கண்ணை மட்டும் தூக்கு. ஒரு அடி பின்னால நில்லு. வர்ற ஞாயித்துக்கிழமை செஞ்சு பாரு." கடிதத்தை மடித்து என் சட்டைப் பையில் வைத்தார். "நீ வீட்ல உக்காந்தா அந்தப் பையனுக்கு அம்பது ரன் வந்துருமா?"

அடுத்த ஞாயிறு ஒரு அடி பின்னால் நின்றேன். அதற்கடுத்த ஞாயிறும். இப்படித்தான் வருஷங்கள் போயின. உள்ளே வருகிறவர்கள் கேட்டதால் வருகிறார்கள் என்றேன். நீடிக்கிறவர்கள், ஒருமுறை தப்பாகப் பதில் சொன்னதை மறக்க முடியாதவர்கள். ஒவ்வொரு நீண்டநாள் அம்பயரிடமும், ரெஃப்ரியிடமும், தடகளத்தில் டேப் பிடிக்கிறவரிடமும், சதுரங்க ஆர்பிட்டரிடமும் தனியாக உட்கார்ந்து கேட்டுப் பாருங்கள். ஒரு பையனின் முகம் அல்லது ஒரு பெண்ணின் முகம் அவர்களிடம் இருக்கும். தாங்கள் சரியாகச் சொன்ன ஆயிரத்தை அவர்கள் எண்ணுவதில்லை.

டிக்கி பேர்டை நினைத்துக்கொள்கிறேன். பார்ன்ஸ்லியில் சுரங்கத் தொழிலாளியின் மகன், சுமாரான கவுண்டி ஆட்டக்காரர், பிறகு 66 டெஸ்டில் நின்ற அம்பயர். 1996 ஜூனில் லார்ட்ஸில் அவருடைய கடைசி டெஸ்ட், இந்தியாவோடு. கங்குலியும் திராவிடும் முதன்முதலாக இறங்கிய அதே ஆட்டம். அவர் மைதானத்துக்குள் வந்தபோது இரண்டு அணிகளும் வரிசையாக நின்று கைதட்டின. அவர் அழுதுகொண்டே நடந்தார். அந்த மரியாதைக்கு ஏற்பாடு செய்தவர் இங்கிலாந்துக் கேப்டன் மைக்கேல் ஆதர்ட்டன். அந்த முதல் ஓவர் முடியும் முன் ஸ்ரீநாத்தின் பந்து ஆதர்ட்டனின் காலில் பட்டது. கண்ணில் ஈரம் காயாத மனிதர் விரலைத் தூக்கினார். எல்.பி.டபிள்யூ., பூஜ்யம். நன்றி என்பது ஒரு பக்கம், பந்து விழுந்த இடம் ஒரு பக்கம். இரண்டையும் அவர் கலக்கவில்லை.

வசவைப் பற்றிப் பேசாமல் போனால் இந்த உரை நேர்மையாக இருக்காது. வெயிலுக்கும் தாகத்துக்கும் யாரும் இந்த வேலையை விட்டதாக எனக்குத் தெரியாது. கூட வந்த மகள் காதில் விழும்படி அப்பாவை ஒருவர் திட்டினால், மறுவாரம் அந்த அப்பா வரமாட்டார். 2012 டிசம்பரில் நெதர்லாந்தில் அல்மேரே என்ற ஊரில் சிறுவர்கள் கால்பந்து ஆட்டம். தன் மகன் ஆடுவதற்காகக் கொடி பிடிக்க முன்வந்த தகப்பன் ஒருவரை, ஆட்டம் முடிந்ததும் எதிரணிப் பையன்கள் அடித்தார்கள். மறுநாள் இறந்துபோனார். அந்த வார இறுதியில் அந்த நாட்டில் அமெச்சூர் ஆட்டங்கள் அத்தனையையும் நிறுத்தினார்கள். நம் ஊர் இவ்வளவு தூரம் போகாது என்று நினைத்துக்கொள்வோம். ஆனால் கோட்டோரம் நின்று பல்லைக் கடித்துக்கொண்டு கத்தும் அப்பாமார்களை வலியதுறையிலும் பார்த்திருக்கிறேன், பெரிய பள்ளிக்கூட மைதானங்களிலும் பார்த்திருக்கிறேன். பிள்ளைகள் அவர்களிடமிருந்துதான் கற்றுக்கொள்கிறார்கள்.

இன்னொன்று, நமக்குப் பக்கத்தில் நடந்தது. 2019 அக்டோபர் 4, பாலா. மாநில ஜூனியர் தடகளப் போட்டி. ஈட்டி எறிதலும் சங்கிலிக் குண்டு எறிதலும் ஒரே நேரத்தில் நடந்தன. ஈட்டிகளை எடுத்துக் கொடுக்கத் தொண்டனாக நின்ற பள்ளி மாணவன் தலையில் குண்டு வந்து விழுந்தது. பதினேழு நாள் கழித்து அந்தப் பிள்ளை போய்விட்டான். நடுவர் என்றால் அவுட்டா, கோலா என்று சொல்பவர் என்றே நாம் நினைக்கிறோம். எறிதல் களத்தில் அவருடைய முதல் வேலை சிவப்புக் கொடியை இறக்காமல் வைத்திருப்பது. களம் காலியாகும் வரை, தாமதமானாலும், மேடையிலிருந்து யார் அவசரப்படுத்தினாலும். இந்த வேலைக்குப் பயிற்சி பெற்ற பெரியவர்கள் போதவில்லை என்றால் அந்த இடத்தைப் பிள்ளைகள்தான் நிரப்புவார்கள். இதைச் சொல்லும்போது எனக்கு இன்றும் தொண்டை அடைக்கிறது.

இத்தனைக்கும் நடுவில் இன்பம் இல்லையா என்றால், நிறைய உண்டு. கூட நிற்கும் அம்பயரோடு உண்டாகும் உறவு வேறெந்த உறவிலும் சேராது. நாள் முழுக்க இருபது மீட்டர் தள்ளி நின்று பார்வையால் பேசிக்கொள்வோம். நாலு பந்து முடிந்ததும் அவர் இரண்டு விரலை மார்பில் வைப்பார், இன்னும் இரண்டு என்று. கேட்ச் தரையில் பட்டதா என்று நான் திரும்பினால், அவர் முகத்தைப் பார்த்தாலே எனக்குப் புரியும். மாலையில் கடையோரம் ஒரு எலுமிச்சை போஞ்சி வாங்கிக் குடித்துக்கொண்டே, "அந்த எல்.பி. கொஞ்சம் உயரமோ?" என்று ஒருவர் கேட்பார். மற்றவர் பொய் சொல்லக் கூடாது. எங்களுக்குள் இருந்த ஒரே விதி அது. பிறகு கிழக்கேகோட்டைக்கு பஸ். அந்த வாத்தியார் போன பிறகு, அவர் நின்ற ஸ்கொயர் லெக் பக்கம் பல நாள் என்னால் திரும்பிப் பார்க்க முடியவில்லை.

எனக்கு இப்போது முழங்கால் ஒத்துழைப்பதில்லை. நாள் முழுக்க நிற்க முடியாது. பந்துவீச்சு முனையில் அரைநாள் நிற்பேன். அடுத்த ஞாயிறு பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளுக்கு ஒரு ஆட்டம் இருக்கிறது. இரண்டு அணி சேர்ந்துவிட்டது. ஸ்கோர் எழுத ஒரு பெண்குழந்தை ஒப்புக்கொண்டிருக்கிறாள். ஸ்கொயர் லெக்கில் மட்டும் ஆளில்லை.

பரீட்சை எழுதியிருக்க வேண்டியதில்லை. இரண்டு அணியிலும் உங்கள் பிள்ளை இல்லாமல் இருந்தால் போதும். காலை ஏழரைக்கு வந்தால் எங்கே நிற்க வேண்டும், கண்ணை எங்கே வைக்க வேண்டும் என்று காட்டித் தருகிறேன். தொப்பி என்னிடம் இரண்டு இருக்கிறது. யார் வருகிறீர்கள்?